மிஸ்டு கால் ஊர்

"எங்க ஊருக்கும் பங்கு போடுங்க சார்." சொந்த ஊர்ப் பேச்சை இந்த அறையில் எடுக்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவைத்தார்கள். எடுத்துவிட்டேன். ஏசி உறுமுகிறது. தொலைபேசி வரியை நகராட்சிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் அதிகாரி, பிஸ்கட்டை டீயில் முக்கியபடியே சிரிக்கிறார். "டவர் உங்க ஊர்ல நின்னா போதுமாம்மா? பில்லு எந்த ஊருக்குப் போகுதோ அங்கதான் காசு. உங்க ஆளுங்களுக்கு ஏது பில்லு? சில்லறைக்கு ரீசார்ஜ், அதுலயும் மிஸ்டு கால்!" பக்கத்து மேசைகளும் சிரிக்கின்றன. ஊறிய பிஸ்கட் ஒடிந்து கோப்பைக்குள் விழுகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலால் துழாவுகிறார். அடைப்பெடுக்கும் இயந்திரம் வாங்க எங்கள் நகராட்சியிடம் காசில்லை. சாக்கடைக்குள் இறங்கித் துழாவுவது என் அப்பா. என் கைபேசி ஒருமுறை அடித்து நிற்கிறது. அம்மா. "பாத்தியா, வந்துடுச்சு!" என்று அதிகாரி தொடையில் தட்டிக்கொள்கிறார். அப்பா இன்றைக்கும் உயிரோடு மேலே ஏறிவிட்டார் என்பதற்கான மணி அது. இவரிடம் அதைச் சொல்வதாக இல்லை. "போதும், பங்குப் பட்டியல்ல கையெழுத்தப் போடு." பேனாவை அவர் டீக்குள் குத்தி நிறுத்திவிட்டு எழுகிறேன். "ஏய், எங்க போற?" "கோர்ட்டுக்கு. இந்தப் பங்கு கேஸ்ல எங்க நகராட்சி வக்கீலுக்குச் சாட்சி வேணுமாம், நேத்தே வரேன்னு சொல்லிட்டேன்." கதவை நான் சாத்தவில்லை, அவருடைய குளிரெல்லாம் என் பின்னாலேயே வெளியேறுகிறது.