ராகு காலம் முடியும்வரை

"அண்ணே, அந்தக் காலத்துல இந்தக் கல்லுமேல வச்சுதான் தலைய வெட்டுவாங்களாம்" என்றாள் கங்கா.

அவள் தம்பி உடனே கல்லில் கழுத்தை வைத்துக் காட்டினான். தங்கராஜுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ராசா என்ற ஊரிலிருந்து மாமாவின் டட்சன் காரில் பெண் பார்க்க வந்திருந்தான். ராகு காலம் முடியாமல் பெண் வீட்டில் கால் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட, குடும்பமே கோலசிலாங்கூர் காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தது.

அவனால் மட்டும் உட்கார முடியவில்லை. வாசலுக்கு வருவதும், காலரை இழுத்து விடுவதும், கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தவனிடம்தான் இந்த இரண்டு பிள்ளைகளும் வந்து, ஊர்நடுவே இருக்கும் பழைய கோட்டை மலையைச் சுற்றிக் காட்டுகிறோம் என்றார்கள்.

பீரங்கிகளைக் காட்டினார்கள். கலங்கரை விளக்கத்தைக் காட்டினார்கள். ஆறு கடலில் சேரும் இடத்தைக் காட்டி, சுல்தான் டச்சுக்காரனை விரட்டிய கதையைச் சொன்னாள் கங்கா. பத்து வயதுதான் இருக்கும். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

அவன் காதில் பாதிதான் விழுந்தது. சின்ன ஊர். இதுகளுக்கு அந்தப் பெண்ணைத் தெரிந்திருக்குமோ? கேட்க வாயெடுப்பதும் விழுங்குவதுமாக நடந்தான்.

கடைசியாக, துரோகிகளை இறக்கிக் கொன்றதாகச் சொல்லும் விஷக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார்கள். கருங்குரங்குகளைத் தவிர அங்கே யாருமில்லை.

கங்கா தம்பியைத் தள்ளிப்போய் நிற்கச் சொன்னாள். பிறகு தங்கராஜுவின் அருகில் வந்தாள்.

"நீங்க பாக்க வந்திருக்கிற அம்சவள்ளி எங்க அக்காதான் அண்ணே. அவங்களுக்கு இந்தக் கல்யாணம் வேணாமாம். அவங்க வாயத் தொறந்தா அப்பா அடிப்பாரு. நீங்களே புடிக்கலன்னு சொல்லிடுங்க லா."

ஏன் என்று கேட்டான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிணற்றைப் பார்த்தாள்.

நல்ல நேரம் பிறந்து, எல்லோரும் பெண் வீட்டில் பாய்மேல் உட்கார்ந்தார்கள்.

அம்சவள்ளி தேநீர்த் தட்டோடு வந்தாள். குனிந்த தலை. அவன் முன்னால் வந்தபோது மட்டும் ஒரு கணம் நிமிர்ந்தாள். ராசாவிலிருந்து வரும் வழியெல்லாம் அவன் எத்தனையோ முகங்களை நினைத்துப் பார்த்திருந்தான். ஒன்றும் இதற்கு உறை போடக் காணாது.

"என்னடா, பொண்ணு புடிச்சிருக்கா?" என்றார் மாமா.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"புடிக்கல மாமா."

அம்மா அவன் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். அடுப்படியில் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

பெண்ணின் அப்பா இராமையா கோபப்படவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை.

"உங்களோட நாலு பேரு ஆச்சு தம்பி. வர்றவங்க எல்லாம் இதையேதான் சொல்றாங்க. எம் பொண்ணுக்கு அப்படி என்னய்யா குறை?"

கதவோரம் நின்ற கங்கா தம்பியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மற்ற மூன்று பேரையும் இவள் அந்தக் கிணற்றுக்குக் கூட்டிப்போயிருப்பாளோ? தங்கராஜு தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் இன்னொரு தடவை அம்சவள்ளியைப் பார்க்க வேண்டிவரும்.