வில் நின்ற இடம்

மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ படியிறங்கினார்கள்.

அவன் கத்தியை நிறுத்தினான். பாதி உரித்த சின்ன வெங்காயம் விரல்களுக்கிடையில் இருந்தது.

படியில்லை. வயலின். உள்ளே அவன் மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாட்களாக இருவருக்கும் பேச்சில்லை. "போறதுன்னா போயேன்" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. நேற்று அலமாரியின் மேலிருந்து அவளுடைய நீலப் பயணப் பெட்டி தரைக்கு வந்திருந்தது.

அவள் வாசித்ததில் சொற்கள் இல்லை. அவன் முன்பு கேட்ட எந்தப் பாட்டும் இல்லை.

ஆனாலும் தெரிந்தது.

ஒரு பெண். கையில் கனமாக ஏதோ. நாலடிக்கு ஒருமுறை அதைக் கை மாற்றிக்கொள்கிறாள்.

அடித்தந்தியில் ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

வில்லை விட்டு விரலால் தந்தியைச் சுண்டினாள் மனைவி. மழை விட்டிருக்கிறது. இலைகளிலிருந்து சொட்டுகிறது.

இருப்பது நாலு தந்தி. இவ்வளவும் அதில் எங்கே இருந்தது?

அந்தப் பெண் மறுபடி நடந்தாள்.

எங்கே போகிறாள்?

ஓசை குறைந்தது. இன்னும் குறைந்தது. தெருமுனை தாண்டிவிட்டாள் போல. அவன் மூச்சை அடக்கிக் கேட்டான். வெங்காயம் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கவில்லை.

சட்டென்று வில் நின்றது.

பாட்டு முடியவில்லை. இன்னும் ஒரு சுரம் வர வேண்டும். சங்கீதம் தெரியாத அவனுக்கே அது தெரிந்தது. கீழே படி இருக்கிறதென்று கால் வைத்தால், அங்கே ஒன்றுமில்லாதது போல இருந்தது.

காத்திருந்தான். வரவில்லை.

எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

"அப்புறம்?"

அவள் திரும்பினாள். "என்ன அப்புறம்?"

"அந்தப் பொண்ணு. பெட்டியத் தூக்கிட்டுப் போனாளே."

அவள் வயலினைத் தோளிலிருந்து இறக்கி அவனைப் பார்த்தாள். ஒன்பது நாட்களில் முதல் தடவையாக.

"யார் போனா? அவ திரும்பி வர்றா."

"சத்தம் தேஞ்சுக்கிட்டே போச்சே?"

"வீடு கிட்ட வந்துடுச்சு. அதான் மெதுவா நடக்கிறா."

வில்லின் மயிரில் அறுந்து தொங்கிய ஓர் இழையை விரலில் சுற்றினாள்.

"உள்ள இருக்கிறவர் என்ன சொல்வாரோன்னு."

அவன் கையிலிருந்து வெங்காய வாசம் வந்தது.

கதவை முழுக்கத் திறந்தான். வழியை விட்டு ஒதுங்கி, சுவரோடு நின்றுகொண்டான்.

அவள் வில்லை எடுத்தாள்.