மகாதேவியின் நேத்தி

இதைப் பூரணமக்காதான் எனக்கு முதல் சொன்னவ. போன ஆவணியிலை, கீரிமலைக் கேணியிலை முழுகிப்போட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிக்கேக்கை.

பூரணத்துக்கு முந்தித் தன்ரை மச்சாள், அண்ணையின்ரை பெண்சாதி மகாதேவியிலை சரியான எரிச்சல்.

"கலியாணம் கட்டின நாள் தொட்டு அண்ணையோடை எலியும் பூனையும். இப்ப விடிஞ்சால் போதும், அண்ணைக்குப் பாதபூசை! கழுவித் துடைச்சு, பூ வைச்சு, காலிலை கன்னத்தை ஒத்தி ஒத்தி... கேட்டால் அம்மனுக்கு வைச்ச நேத்திக்கடனாம். ஊர் பாக்க நடிப்பு!"

அண்ணை ஏரம்பு கடலோடி. சீனி வருத்தமும் சுருட்டும் சேர்ந்து காலிலை இரத்தக்குழாய் அடைச்சுப்போட்டுது. ஒப்பரேசன் செய்து வீட்டை வந்தவர், விரலிடுக்கிலை வந்த கொப்புளத்தை ஒருத்தருக்கும் சொல்லாமல் மறைச்சார். அது சீழ் பிடிச்சு, திரும்பவும் ஆசுப்பத்திரி வாட்டிலை கிடந்தார்.

"இன்னொருக்கால் புண்ணோடை வந்தால் காலை எடுக்கத்தான் வேணும், ஐயா" எண்டு சொல்லித்தான் டொக்டர் அவரை வீட்டை அனுப்பினவர்.

அதாலை கிளினிக் நாளிலை பூரணமும் அண்ணை, மச்சாளோடை கூடப் போனா. டொக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பாக்கப் பாக்க, இவ கண்ணை மூடிக் கும்பிட்டா. 'முருகா, அண்ணையின்ரை காலைத் தா!'

டொக்டர் சிரிச்சார்.

"நாடி நல்லாத் துடிக்குது. ஒரு கீறல்கூட இல்லை. இனி வள்ளம் ஏறலாம், ஐயா!"

ஏரம்பு எழும்பினார். ஊண்டுபொல்லைத் தங்கச்சியின்ரை கையிலை குடுத்துப்போட்டு, தேருக்கு முன்னாலை போறவர் மாதிரி நெஞ்சை நிமித்தி வாசல் வரைக்கும் நடந்தார்.

மகாதேவி மருந்து எடுக்கப் போயிட்டா. பூரணத்தாலை அதுக்கு மேலை அடக்கேலாமல் போச்சு.

"இனியாவது உந்த நாடகத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ, அண்ணை. பூ வைச்சே கால் சுகம் வந்தது?"

ஏரம்பு சுத்தவரப் பாத்துப்போட்டு மெல்லமாச் சொன்னார்.

"எடி விசரி, அவள் துடைக்கேக்கை விரல் விரலா விரிச்சுப் புண் தேடுறாள். கன்னத்தை ஒத்தி, இரத்தம் ஓடாமல் கால் குளிர்ந்து கிடக்கோ எண்டு பாக்கிறாள். காலைக் காட்டெண்டு கேட்டிருந்தால் நான் காட்டியிருப்பனே? சாமிக்கு வைச்ச நேத்தியெண்டால் மறிக்கமாட்டன் எண்டு அவளுக்குத் தெரியும்."

"அப்ப... உங்களுக்கு உது தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும். தெரியாதெண்டு அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்."

மகாதேவியைக் கண்டால், நீங்களும் ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ.