நூற்றிருபதா, தொண்ணூறா?

மரக்குருணையைத் தானே அள்ளிப் போட்டு எரித்து, கறியைப் புகையில் வேகவைக்கும் புதிய புகையடுப்பின் முகப்பு நூற்றிருபது டிகிரி என்றது. உள்ளே கம்பித்தட்டின் மேல் சமையல்காரன் தமிழ்மாறன் வைத்திருந்த ஊசி தெர்மாமீட்டர் தொண்ணூறைத் தாண்டவில்லை.

“நாலு லட்ச ரூபா மிஷின் பொய் சொல்லுது, உன் நானூறு ரூபா ஊசி நெசம் சொல்லுதா?” என்றார் ஓட்டல் முதலாளி விமல்ராஜ்.

“மிஷின் ஓரத்துல அளக்குது சார். கறி நடுவுல கெடக்குது. அதான் போன வாரம் கோழி வேகாம திரும்பி வந்துச்சு. இன்னிக்கு ஊசிய நம்பி ஒரு மணி நேரம் கூட வுட்டேன்.”

“இன்னிக்கும் திரும்பி வந்தா, நீயும் கெளம்பிடு.”

தமிழ்மாறன் கோழித்தொடையில் ஊசியைக் குத்தினான். எழுபத்தெட்டு.

“எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு, வெந்துடுச்சு சார்.”

“ஊசி கதயெல்லாம் வேணாம். ஒரு வாய் தின்னு காட்டு.”

“நீங்களே பாருங்க சார்.”

“சமைச்சவனே திங்க பயப்படறான், அத வந்தவங்களுக்கு வெக்கணுமா? இப்பவே கெளம்புடா.”

தமிழ்மாறன் தொடையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். விழுங்கினான்.

விமல்ராஜ் மீதியைத் தின்றார். பஞ்சு போல வெந்திருந்தது. “இனிமே உன் ஊசி சொல்றதுதான்யா கணக்கு!” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பிள்ளைச்சாவடி வீட்டிலிருந்து மனைவி மேனகா போன் செய்தாள்.

“வேல என்னாச்சுய்யா?”

“நெலச்சிடுச்சு.”

“நான் சொல்லல? வேல நெலைக்கணும்னு நாப்பத்தேழு நாளா கவுச்சி தொடாம வெரதம் இருக்கியே, மாரியம்மா கைவுடுவாளா? இன்னும் ஒரே நாளு. பல்லக் கடிச்சிக்கினு இரு.”

பல்லிடுக்கில் சிக்கியிருந்த கோழி நாரை நாக்கால் துழாவிக்கொண்டே தமிழ்மாறன், “சரி” என்றான்.