யாருடைய பள்ளியோ அவர் வெளியே

"டீச்சர், முதல்ல உங்க பள்ளி. கொஞ்சம் வெளியில இருங்க."

கல்வி அலுவலர் தன்மையாகத்தான் சொன்னார். தலைமையாசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

யாருடைய பள்ளியை மூடுவது பற்றிப் பேசுகிறார்களோ, அவர் அறையில் இருக்கக்கூடாது. பேசவும் கூடாது, கை தூக்கவும் கூடாது. போன ஆண்டு இந்த விதியைக் கேட்டு வாங்கியதே அவள்தான். அப்போது ஆலைப் பள்ளி போவதாக இருந்தது. அதன் தலைமையாசிரியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லோர் மனத்தையும் கரைத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

இந்த ஆண்டு பத்தாண்டுத் திட்டம். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நாலு பள்ளிகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேலிடம் கேட்டிருந்தது. ஒன்று போகும் என்று ஊரே பேசிக்கொண்டது. சின்னதுதானே முதலில் போகும்? அவளுடையதுதான் சின்னது.

அது போனால் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் லாரி பறக்கிற சாலையைக் கடந்து சந்தைப் பள்ளிக்குப் போகவேண்டும். பாதிப் பேரை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வாக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில்தான்; வெளியே போனவர் அது முடியும்வரை உள்ளே வரக்கூடாது. மற்ற மூன்று தலைமையாசிரியர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்த்திருந்தாள். மூவரும் பூம்பூம் மாடாகத் தலையாட்டியிருந்தார்கள். அதை நம்பித்தான் இந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. சந்தைப் பள்ளித் தலைமையாசிரியர் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சே, நானெல்லாம் என்ன ஜென்மம் என்று வெட்கமும் கூடவே வந்தது. ஆனாலும் சந்தோஷம்தான். அவர் தலை உருண்டால் தன் தலை தப்பியது என்றுதானே கணக்கு?

பின்னாலேயே ஆலைப் பள்ளிக்காரர் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். அவளுடைய சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

மிச்சம் பெரிய பள்ளி. அதில் கை வைக்க எவனுக்கும் துணிச்சல் வராது என்று மூவருமே நினைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பள்ளி அம்மாளும் வந்துவிட்டார். கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"நகரத்துல ஒரே வளாகமாம். நம்ம நாலும் கிடையாதாம். பஸ் விடுவாங்களாம்."

நாலு பேரும் வராந்தாவில் நின்றார்கள். உள்ளே அலுவலர் மட்டும் இருந்தார்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது.

"திட்டத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

காலி நாற்காலிகளைக் கேட்கிறோம் என்ற கூச்சமே அந்தக் குரலில் இல்லை. முறைப்படி கேட்டுவிட்டு, முறைப்படி காத்திருந்தார்.

"இருக்கு சார்!" தலைமையாசிரியை கத்தியேவிட்டாள். "எனக்கு இருக்கு!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அலுவலர் வாசல்வரை வந்து, நால்வரையும் உண்மையான வருத்தத்தோடு பார்த்தார்.

"அதை நீங்க சொல்லக்கூடாதே டீச்சர்" என்றார்.

பிறகு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.