மூன்றாவது வெட்டு

மேசைமேல் இருந்த சின்ன லேசர் மெஷினுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய மரத்துண்டு கிடந்தது. எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்க்க மெஷின் அதை வெட்டியது. முதல்முறை வெட்டிய இடம் கருகியது. அடுத்தமுறை பாதிதான் அறுபட்டது. மூன்றாவதில் சூடு சரியாக அமைந்தது. துண்டு குப்பைக்கூடைக்குப் போனது.

பிறகு தேக்கு மரத்தைக் காகிதம்போல் மெல்லிதாகச் சீவி எடுத்த வெனீர் தாள் உள்ளே வந்தது. கல்யாணப் பத்திரிகைக்காக மெஷின் அதில் இரண்டு பெயர்களை வெட்டியது. விளிம்பில் துளிக் கரி இல்லை.

"எனக்கு வலிக்கவே இல்லையே! அது மட்டும் ஏன் அப்படிக் கருகிச்சு? எந்த மட்ட மரமோ!" என்றது தாள்.

மெஷின் கேட்டது:

"காலையில உன் மூலையிலேர்ந்து ஒரு துண்டு நறுக்கி எடுத்தாங்களே, அதுக்குள்ள மறந்துட்டியா?"