சட்டையின் உள்முதுகு

செண்பகவல்லியின் டைரியை அவள் புருஷன் சங்கரலிங்கம் பீரோவிலிருந்து உருவிக்கொண்டு போய், தன் அக்கா பகவதி வீட்டுப் பால்காய்ச்சு விருந்தில், அவள் குரலிலேயே இழுத்து இழுத்து வாசித்துக் காட்டினான். வந்திருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பகவதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எழுதுறதுக்கு உனக்கு என்னட்டி இருக்கு?" என்று வரும் வழியில் கேட்டான்.

டைரியைக் குப்பையோடு கொளுத்தினாள். ஆனால் எழுதுவதை விடுவதாக இல்லை. அவன் சட்டைகளைத் துவைப்பதும் தேய்ப்பதும் அவள்தான். காலையில் பின்னால் நின்று அவள் விரித்துப் பிடிக்க, அவன் துரை மாதிரி போனைப் பார்த்தபடியே கையை நுழைப்பான். கருநீலச் சட்டையின் உள்முதுகில், துவைத்தாலும் போகாத வெள்ளை மையால், பொடி எழுத்தில் ஆரம்பித்தாள். அவன் கை நீட்டிய நாட்களில் பேனா துணியைக் குத்திக் கிழித்தது. அதையும் அவளே தைத்தாள். எல்லாவற்றையும் முதுகில் சுமந்தபடி அவன் ஆபீஸ் போய்வந்தான்.

பகவதியின் நேர்த்திக்கடனுக்காகக் குடும்பமே கோயிலுக்குப் போனது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சங்கரலிங்கம் உருவிய வேகத்தில் கருநீலச் சட்டையின் உள்பக்கம் வெளியே வந்தது. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். பின்னால் நின்ற பகவதியின் உதடுகள் அசைந்தன. பிறகு நின்றுபோயின. வெளிறிய முகத்தோடு திரும்பினாள்.

"செண்பகம், என்னது இது?"

"சத்தமா வாசிங்க மதினி," என்றாள் செண்பகவல்லி. "அன்னைக்கு உங்க தம்பி வாசிச்சான்லா, அதே மாதிரி."